ஒரே ஒரு ஹிட் பாயின்ட்: அண்டங்காக்கையைக் கேரக்டராக்கும் வேலை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், டைஸ் உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் மேஜை ஆட்டம்; ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். நாலு பேர் பார்ட்டியில் (சேர்ந்து ஆடும் குழுவில்) ஒருவர் அண்டங்காக்கையாக ஆட வேண்டும். காக்கையாக உருமாறும் ட்ரூயிட் என்ற மந்திரவாதி இல்லை, இறக்கை வைத்த மனித உருவமும் இல்லை. அசல் காக்கை. முதல் லெவலிலிருந்து ஐந்தாம் லெவல் வரை மற்ற மூவரோடும் ஈடுகொடுத்து நிற்க வேண்டும். அந்த மூவர் வேலையையும் அதுவே பார்த்துவிடவும் கூடாது. அதற்குக் கேரக்டரின் எண்களை எழுதும் ஷீட்டில் என்னென்ன மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் எங்கே உடையும் என்பது கீழே.

இதில் விதிமீறல் ஒன்றும் கிடையாது. ஆட்டக்காரர் ஏறக்குறைய எதுவாகவும் ஆடலாம், டிராகனாகக்கூட ஆடலாம், பலவீனமாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறினால் போதும் என்று 1974-இல் வந்த முதல் விதிப்புத்தகமே சொல்லிவிட்டது. 1976-இல் வந்த 'பன்னீஸ் அண்ட் பர்ரோஸ்' ஆட்டத்தில் எல்லோருமே முயல்கள்தான். அனுமதியில் சிக்கல் இல்லை, கணக்கில்தான்.

கையில் இருப்பது

விதிப்புத்தகத்தின் 'ரேவன்' ஸ்டாட் பிளாக் (எண் பட்டியல்): ஏசி (அடி படாமல் காக்கும் எண்) 12, ஹிட் பாயின்ட் (தாங்கும் அடி) 1, நடை 10 அடி, பறத்தல் 50 அடி. ஸ்ட்ரெங்த் (பலம்) 2, டெக்ஸ்டெரிட்டி (லாவகம்) 14, கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 8, இன்டெலிஜென்ஸ் (அறிவு) 2, விஸ்டம் (விவேகம்) 12, கரிஸ்மா (ஆளுமை) 6. அலகால் கொத்தினால் 1 டேமேஜ். பாஸிவ் பெர்செப்ஷன் (தேடாமலே கவனிக்கும் திறன்) 13. கேட்ட ஒலியைத் திருப்பிச் செய்யும் மிமிக்ரி. டார்க்விஷன் (இருட்டில் பார்க்கும் திறன்) இல்லை. இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள், பிறகு நிறைய வேலைக்கு ஆகும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி 'அவேக்கன்' ஸ்பெல் (மந்திரம்). ஐந்தாம் லெவல் ஸ்பெல், ஓத எட்டு மணி நேரம், 1,000 பொன் மதிப்புள்ள அகேட் கல் ஒன்று கரைந்துபோகும். பலன்: மிருகத்துக்கு இன்டெலிஜென்ஸ் 10, பேச ஒரு மொழி. கதைக்கு நன்றாக இருக்கும், கட்டுமானத்துக்கு உதவாது. அவேக்கன் முடிந்த காக்கையின் ஆறு எண்களையும் கூட்டினால் 52. சாதாரணக் கேரக்டர் எடுக்கும் 15, 14, 13, 12, 10, 8 வரிசையின் கூட்டு 72. இனத்துக்கான கூடுதல் 3 சேர்ந்தால் 75. ஆக, 23 எண் பள்ளம்.

அதைவிட மோசம் அந்த ஒரு ஹிட் பாயின்ட். பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகு மிஞ்சும் டேமேஜ் உங்கள் அதிகபட்ச ஹிட் பாயின்ட் அளவு இருந்தால் உடனடிச் சாவு என்பது விதி. அதிகபட்சமே 1 என்றால் 2 டேமேஜ் போதும். கோப்ளின் என்ற சில்லறை எதிரியின் அம்பு 1டி6+2 (ஆறு பக்க டைஸ் ஒன்றை உருட்டி 2 கூட்டுவது), அதாவது எவ்வளவு சொத்தையாக உருட்டினாலும் 3. பூஜ்யத்தில் கிடப்பவர் பிழைப்பாரா என்று பார்க்கும் டெத் சேவிங் த்ரோவை உருட்டும் பாக்கியமே இந்தக் காக்கைக்கு வராது. சரியாக 1 டேமேஜ் வாங்கினால் மட்டும்தான் உண்டு.

அடுத்து தோன்றும் வழி, பறக்கும் திறனுக்கு லெவலில் விலை வைப்பது. மூன்றாம் பதிப்புக் காலத்தில் லெவல் அட்ஜஸ்ட்மென்ட் என்று இதைத்தான் செய்தார்கள்: அரிய உடல் வேண்டுமா, இரண்டு மூன்று லெவல் பின்தங்கியிரு. கிடைப்பது அருமையான திறனும், பார்ட்டியில் பாதி ஹிட் பாயின்ட்டும். முதல் அடியில் படுத்துக்கொண்டு சண்டை முழுக்க வேடிக்கை பார்க்கும் கேரக்டர் அது. இந்த வழிக்கு நாங்கள் போகவில்லை.

அடித்தளம்

ஸ்டாட் பிளாக்கைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, சாதாரண இனம் போலவே தொடங்க வேண்டும். மேற்படி எண்வரிசை, பிடித்த ஒன்றில் +2, இன்னொன்றில் +1. கிளாஸ் (கேரக்டரின் தொழில்) சார்சரர், அதாவது பிறவி மந்திரவாதி. ஸ்ட்ரெங்த் 8, டெக்ஸ்டெரிட்டி 14, கான்ஸ்டிடியூஷன் 14, இன்டெலிஜென்ஸ் 10, விஸ்டம் 12, கரிஸ்மா 17. முதல் லெவலில் 8 ஹிட் பாயின்ட், சராசரி எடுத்துக்கொண்டே போனால் ஐந்தில் 32. பெர்செப்ஷனில் தேர்ச்சி எடுத்தால் பாஸிவ் 13, ஸ்டாட் பிளாக்கில் இருந்த அதே எண். டெக்ஸ்டெரிட்டி 14 என்பதால் ஏசியும் அதே 12.

கான்ஸ்டிடியூஷனில் கஞ்சத்தனம் வேண்டாம். காக்கைக்கு நியாயமாக 8 தானே என்று விட்டால் ஐந்தாம் லெவலில் 17 ஹிட் பாயின்ட்தான் இருக்கும். ஃபயர்பால் ஸ்பெல் 8டி6, சராசரி 28. சேவிங் த்ரோவில் (அடியைப் பாதியாக்க உருட்டும் டைஸில்) தப்பினாலும் 14 போய் மூன்றோடு தொங்கும். 32 இருந்தால் முழு அடி வாங்கியும் பறக்கும்.

ஏன் சார்சரர்? எடைதான் காரணம். சுமக்கும் விதிப்படி ஸ்ட்ரெங்த்தை 15-ஆல் பெருக்கி, டைனி (மிகச் சிறிய) அளவு உடலுக்குப் பாதியாக்க வேண்டும். ஸ்ட்ரெங்த் 2 உள்ள புத்தகக் காக்கையே 15 பவுண்டு, ஏறக்குறைய 7 கிலோ சுமக்கும். நிஜ அண்டங்காக்கையின் எடையே ஒன்று ஒன்றரைக் கிலோ சுமார்தான். நம் ஸ்ட்ரெங்த் 8-க்குக் கணக்கு 60 பவுண்டு என்று வரும். காக்கை ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு போகும். அந்த விதியை அடித்துவிட்டு நேரடி எண் எழுதுங்கள்: தரையில் 10 பவுண்டு, பறக்கும்போது 5 பவுண்டு.

இந்த 5 பவுண்டுதான் கேரக்டரை வடிவமைக்கிறது. விஸார்ட் (படித்து மந்திரம் கற்றவர்) என்றால் ஸ்பெல்புக் 3, ஸ்பெல்லுக்கான பொருள் வைக்கும் காம்பொனன்ட் பை 2: முடிந்தது கோட்டா, ஒரு மருந்துப் புட்டிக்குக்கூட இடமில்லை. சார்சரருக்கு ஸ்பெல்புக் வேண்டாம், பைக்குப் பதில் 1 பவுண்டுப் படிகம் ஒன்றைக் காலில் கட்டினால் போதும். மிச்சம் 4 பவுண்டில் அரை பவுண்டுப் புட்டி இரண்டு, 1 பவுண்டு எண்ணெய்க் குடுவை ஒன்று, கொஞ்சம் காசு. 50 காசு ஒரு பவுண்டு என்பதால் புதையலை மற்றவர்கள்தான் தூக்க வேண்டும்.

கவசம் கிடையாது. மிருகங்களுக்கான பார்டிங் கவசம் இருக்கிறதே என்று யாராவது எடுத்து வருவார்கள்; விலை நாலு மடங்கு, எடை இரு மடங்கு, தோல் கவசமே 20 பவுண்டு ஆகிவிடும். 'மேஜ் ஆர்மர்' ஓதினால் ஏசி 15, ஆனால் முதல் லெவலில் இருப்பதே இரண்டு ஸ்லாட் (ஸ்பெல் ஓதக் கிடைக்கும் தடவை), அதில் ஒன்று காலி. டிராகன் வம்சாவளி சார்சரர் எடுத்தால் அதே 15 இலவசம், லெவலுக்கு ஒரு ஹிட் பாயின்ட் கூடுதலாகவும் கிடைக்கும். காக்கைக்கு ஏது டிராகன் ரத்தம் என்று கேட்பவருக்கு, செதிளுக்குப் பதில் இறகு கெட்டியானது என்று சொல்லிவிட்டு நகரலாம்.

கை

சண்டை எண்களைச் சரிசெய்ததும் வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் இந்த மாதிரிக் கேரக்டர் சண்டையில் உடைவதைவிடக் கதவில் உடைவது அதிகம். ஒவ்வொரு தாழ்ப்பாளிலும் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) நின்று யோசித்தால் ஆட்டம் நகராது. அதனால் முதல் செஷனுக்கு முன்பே கையை எண்ணி எழுதிவிட வேண்டும்.

எழுதியது இதுதான். பறக்கும்போது இரண்டு காலும் கை. உட்கார்ந்திருக்கும்போது ஒரு கால் கை, மற்றது பிடிமானம். அலகு எப்போதும் ஒரு உதவிக் கை. 1 பவுண்டுக்குள் உள்ளதைப் பிடிக்கும், ஆனால் அலகில் பொருள் இருக்கும்வரை பேச முடியாது, ஆகவே வெர்பல் காம்பொனன்ட் (வாயால் சொல்லும் பகுதி) உள்ள ஸ்பெல்லும் ஓத முடியாது. சொமாட்டிக் காம்பொனன்ட்டுக்கு (கைச் சைகைக்கு) ஒரு கை காலியாக வேண்டும் என்ற விதி அப்படியே பொருந்தும்.

இந்த மூன்று வரியில் பெரும்பாலானவை தானாகவே தீர்ந்துவிடும். பூட்டுத் திறக்க இரண்டு கருவி வேண்டும், ஒன்று அழுத்திப் பிடிக்க, ஒன்று நெம்ப. உட்கார்ந்த காக்கைக்கு ஒரு காலும் அலகும் இருக்கிறது, ஆகவே முடியும். எங்கே உட்காரும்? கதவில் கிளை கிடையாது. யாராவது முழங்கையை மடக்கிப் பூட்டுக்கு நேராகக் கையை நீட்ட வேண்டும். அந்த ஆள் அந்தச் சுற்றில் வேறெதுவும் செய்ய முடியாது. அவ்வளவுதான் விலை. தேர்ச்சி இருந்தால் டைஸ் வழக்கம் போல. டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு டைஸ் உருட்டிக் குறைந்ததை எடுப்பது) போடாதீர்கள், எப்போதும் டிஸ்அட்வான்டேஜ் என்றால் ஆட்டக்காரர் இரண்டாம் தடவை முயல மாட்டார், காக்கை தோளில் அமர்ந்த அலங்காரமாகிவிடும்.

விழுந்து கிடப்பவர் வாயில் மருந்து ஊற்றுவது: உட்கார்ந்தால் முடியும், பறந்துகொண்டே முடியாது. உருண்டைக் கைப்பிடி உள்ள கதவு முடியாது, நெம்புகோல் முடியும். கயிறு: 50 அடிப் பட்டுக் கயிறு சரியாக 5 பவுண்டு, மற்றதை இறக்கிவைத்துவிட்டுப் பள்ளத்தைத் தாண்டி எடுத்துப்போய்க் கட்டலாம், டிசி (டைஸ் எட்ட வேண்டிய எண்) 10 டெக்ஸ்டெரிட்டி. சணல் கயிறு 10 பவுண்டு, பறந்து போகாது. பட்டுக் கயிறு 10 பொன், சணல் 1 பொன். பார்ட்டி முதல் கடையில் எதை வாங்குகிறது என்பதற்கு இப்போது அர்த்தம் வந்துவிடுகிறது.

மந்திர மோதிரம் காலில் ஏறும். பூட்ஸ், கையுறை ஏறாது. மேலங்கி வகையறாவை டிஎம் அனுமதிக்கலாம். உடுத்தும் மந்திரப் பொருள் உடலுக்கேற்பச் சுருங்கும் என்பது வழக்கம்தான்.

பறத்தல்

எல்லா டிஎம்முக்கும் பயம் இங்கேதான். பயப்பட வேண்டிய இடம் ஒன்று, பயப்படும் இடம் இன்னொன்று.

உயரம் தன் விலையைத் தானே வாங்கிக்கொள்ளும். 30 அடி உயரத்தில் அம்பு பட்டு பூஜ்யத்துக்கு வந்தால், காக்கை விழும். 10 அடிக்கு 1டி6 வீதம் 3டி6. பூஜ்யத்தில் இருக்கும்போது வாங்கும் டேமேஜ் அதிகபட்ச ஹிட் பாயின்ட்டைத் தொட்டால் அங்கேயே சாவு. முதல் லெவலில் அதிகபட்சம் 8. 3டி6-இல் 8 அல்லது மேல் வர வாய்ப்பு 84 சதவீதம் அருகே. 20 அடியில் 42 சதவீதம் அருகே. 10 அடியில் பூஜ்யம், ஏனென்றால் 1டி6 எட்டைத் தொடாது. ஒரு டெத் சேவ் தோல்வியோடு போகும். டிராகன் வம்சாவளி எடுத்தால் அதிகபட்சம் 9, கொஞ்சம் தேவலை. இந்தக் கணக்கை ஆட்டக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வில்லாளி இருக்கும் இடத்தில் அவரே தாழப் பறப்பார்.

குகைத் தாழ்வாரத்திலும் பயமில்லை. கட்டத்தில் ஆடினால் தரையில் நிற்கும் எதிரி முதல் 5 அடியை அடைத்திருக்கிறான், அடுத்த 5 அடி வாளுக்கு எட்டும். எட்டாத உயரம் 10 அடிக்கு மேலே தொடங்குகிறது. 10 அடிக் கூரை உள்ள தாழ்வாரத்தில் காக்கைக்கு ஒளிய இடமே இல்லை. குறைந்தது 15 அடிக் கூரை வேண்டும்.

நிஜமாக உடையும் இடம் வெட்டவெளி. ஓநாய், ஸோம்பி போல வில் இல்லாத எதிரி, மேலே 'ஃபயர் போல்ட்' ஓதும் காக்கை. அதன் தூரம் 120 அடி, டேமேஜ் 1டி10, ஸ்லாட் செலவில்லை. பொறுமை இருந்தால் ஒரு ஓநாய்க் கூட்டத்தையே தனியாக முடித்துவிடலாம், மற்ற மூவரும் டீ குடிக்கப் போகலாம். வில் இருந்தாலும் ஷார்ட்போவின் வசதியான தூரம் 80 அடிதான். அதற்கு மேல் டிஸ்அட்வான்டேஜ். இதனாலேயே வார்லாக் (இன்னொரு மந்திரவாதி கிளாஸ்) காக்கை வேண்டாம்: அதன் 'எல்ட்ரிச் பிளாஸ்ட்' ஸ்பெல் 120 அடி, இன்வொகேஷன் என்ற கூடுதல் திறன் ஒன்று எடுத்தால் 300.

கட்டு இது. நாலாம் லெவல் வரை பறத்தல் 30 அடி, ஒவ்வொரு முறையும் டர்ன் முடிவில் எதிலாவது உட்கார வேண்டும். உட்கார இடம் இல்லையென்றால் விழாது, சறுக்கி அருகில் தரையிறங்கும், டேமேஜ் கிடையாது. இடம் தவறியதற்காகப் பறவைக்கு விழுந்த டேமேஜ் கொடுப்பது அபத்தம். ஐந்தாம் லெவலில் கட்டு நீங்கி முழு 50 அடி. ஏன் ஐந்து என்றால், 'ஃபிளை' ஸ்பெல் பார்ட்டிக்குக் கிடைப்பது அந்த லெவலில்தான். அதற்குப் பிறகு பறப்பது ஆட்டம் ஏற்கெனவே எதிர்பார்க்கும் விஷயம்.

எது உட்காரும் இடம் என்று தகராறு வரும். உத்தரம், கிளை, கொடிக்கம்பம், கரடுமுரடான பாறை, தோழனின் தோள்: ஆம். வழுவழுப்பான சுவர், எதிரியின் தலை: இல்லை. தோளில் இருக்கும்போது பாதி மறைவு, ஏசிக்கு +2. சவாரி விதிகளை எடுக்காதீர்கள். மனிதன்தான் குதிரை என்று எழுதிய விதி எங்கேயும் சுகப்படாது.

இனி அந்த டார்க்விஷன். பாதாளத்தில் இருட்டென்றால் காக்கைக்குக் கண் தெரியாது. கண் தெரியாமல் தாழ்வாரத்தில் பறப்பது சுவரில் முட்டுவதற்குச் சமம். இந்த ஒரு குறையே பாதாளத்தில் பறத்தலுக்குப் பெரிய பிரேக், ஆனால் பாதி இனங்களுக்கு இருக்கிறதே, இதற்கும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பல டிஎம்கள் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்காதீர்கள். கூழாங்கல் ஒன்றில் 'லைட்' ஓதி அலகில் வைத்துக்கொண்டால் 20 அடி வெளிச்சம், மேலும் 20 அடி மங்கல். அலகை மூடினால் வெளிச்சம் அணையும், திறந்தால் வரும். வைத்திருக்கும்வரை பேச்சில்லை, ஸ்பெல்லும் இல்லை, துப்பினால்தான் சண்டை.

மிருகமா, மனித வகையா

ஷீட்டில் கிரியேச்சர் டைப் என்ன என்பதை விட்டுவிடுவார்கள். பீஸ்ட் (மிருகம்) என்று எழுதினால், மனித வகையை மட்டும் பிடிக்கும் 'ஹோல்ட் பெர்சன்', 'சார்ம் பெர்சன்' ஸ்பெல் இரண்டும் பலிக்காது, பெரிய இலவசம். ஆனால் செத்தால் உயிர்ப்பிக்கும் 'ரீஇன்கார்னேட்' வேலை செய்யாது, அது ஹ்யூமனாய்டுக்கு (மனித வகைக்கு) மட்டும். 'ரிவிவிஃபை', 'ரெய்ஸ் டெட்' எந்த உயிருக்கும் உண்டு. ஹ்யூமனாய்ட் என்று மட்டும் எழுதினால் காக்கையின் மீது 'டாமினேட் பீஸ்ட்' பலிக்காது, அதுவும் விசித்திரம். இரண்டையும் எழுதுங்கள்: எந்த வகையைக் குறிவைக்கும் ஸ்பெல்லும் பிடிக்கும், உயிர்ப்பிக்கும் ஸ்பெல்லும் பிடிக்கும். 'அனிமல் ஃப்ரெண்ட்ஷிப்' பற்றிக் கவலை இல்லை. இன்டெலிஜென்ஸ் 4 அல்லது மேல் இருந்தாலே தோற்றுவிடும்.

மிமிக்ரியைக் கண்டுபிடிக்க ஸ்டாட் பிளாக்கில் டிசி 10 இன்சைட் (ஏமாற்றை உணரும் திறன்). முதல் லெவலிலேயே எளிது, ஐந்தில் சிரிப்பு. 8 + தேர்ச்சி + கரிஸ்மா என்று மாற்றினால் முதல் லெவலில் 13, ஐந்தில் 14. கேட்ட ஒலியை மட்டுமே வைத்துப் பேச வேண்டும் என்ற கட்டுப்பாடு கேட்க அழகு. மேஜையில் அது ஆட்டக்காரரின் வாயைக் கட்டுவதில் முடியும். பேசட்டும்.

மேஜையில் வரும் வேறு இரண்டு

வேவு. காக்கை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று பார்ட்டி சொல்லும், டிஎம் அறை அறையாக விவரிப்பார், மூன்று பேர் போனைத் திறப்பார்கள். ஒரே ஸ்டெல்த் (பதுங்கல்) டைஸ், ஒரே பெர்செப்ஷன் டைஸ். தேறினால் டிஎம் மூன்று செய்தி சொல்வார்: ஒரு ஆபத்து, ஒரு வழி, இன்னதென்று விளங்காத ஒன்று. இவ்வளவோடு காக்கை திரும்பிவிட்டது. எதை நெருங்கிப் பார்ப்பது என்பதற்கு எல்லோருமாகப் போகலாம்.

ஊர். பேசும் காக்கையைக் கண்டு ஒவ்வொரு கடைக்காரரும் அலறினால் இரண்டாவது கடையிலேயே சலித்துவிடும். பேசும் மிருகம் அந்த உலகில் அரிதா, சகஜமா என்பதை முன்பே முடிவு செய்துகொண்டு, ஊருக்கு ஒரு அலறல் என்று வைத்துக்கொள்ளலாம். காக்கையின் குணத்துக்கு மினுக்கும் பொருள் பொறுக்குவதைத் தவிர வேறு ஏதாவது யோசியுங்கள், தயவுசெய்து.

ஓட்டிப் பார்த்தல்

கேம்பெயின் (தொடர் ஆட்டம்) தொடங்கும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி நாலு காட்சியை ஓட்டுங்கள். பத்தடித் தாழ்வாரத்தில் மூன்று கோப்ளின். முதல் லெவல் நால்வருக்கு இது புத்தகக் கணக்குப்படி 'ஹார்ட்', நாலாவது கோப்ளின் சேர்ந்தால் 'டெட்லி'. அடுத்து வெட்டவெளியில் ஓநாய்கள், காக்கை மட்டும் ஜெயிக்கிறதா என்று பார்க்க. மூன்றாவது, பூட்டிய கதவும் அப்பால் பள்ளமும், டைஸைவிட விதி விளக்கம் அதிக நேரம் எடுக்கிறதா என்று பார்க்க. கடைசியாக ஐந்தாம் லெவல் ஷீட்டை வைத்து ஒரு ஃபயர்பால். முதல் காட்சியில் காக்கை விழுந்தால் ஷீட் தப்பு என்று அர்த்தமில்லை, எந்த சார்சரரும் விழக்கூடிய இடம்தான் அது. இரண்டாவதில் ஓநாய்களால் ஒரு தடவைகூட அதைக் கடிக்க முடியவில்லை என்றால் உட்காரும் விதியை யாரோ மறந்திருக்கிறார்கள்.

இதே முறையில் ஆக்டோபஸ் செய்வோருக்கு: கை தாராளம், பிரச்சினை மூச்சு. சாதாரண ஆக்டோபஸ் நீருக்கு வெளியே 30 நிமிடம், ராட்சத ஆக்டோபஸ் 1 மணி நேரம். ஒரு ஷார்ட் ரெஸ்ட்டே 1 மணி நேரம் என்பதால் தண்ணீர் இல்லாத இடத்தில் சாதாரண வகைக்கு ஓய்வே கிடையாது. தொட்டியை யார் சுமப்பது என்பதை முதலில் தீர்க்கவும்.

ஒற்றைக் காக்கைக்குப் பதில் காக்கைக் கூட்டமாகவே ஆட ஆசைப்படுவோருக்கு: புத்தகக் கூட்டத்துக்கு 24 ஹிட் பாயின்ட், 2டி6 கொத்து, பாதி செத்ததும் 1டி6. கண்ணில் படாமல் போகும் வரி ஒன்று உண்டு. கூட்டம் ஹிட் பாயின்ட்டைத் திரும்பப் பெறாது, தற்காலிக ஹிட் பாயின்ட்டும் ஏறாது. ஹீலர் பக்கத்தில் நின்றும் பயனில்லை, லாங் ரெஸ்ட்டும் வீண். அந்த வரியை அடித்தே ஆக வேண்டும். அதை அடிக்கும்போது வெட்டு, குத்து, மோதலுக்கு இருக்கும் ரெசிஸ்டன்ஸையும் சேர்த்து அடித்துவிடுங்கள். ஆற முடிகிற கூட்டம் அடியையும் பாதியாக வாங்கினால் அடி தாங்கும் போர்வீரரான பார்பேரியனை ஆடுபவர் அடுத்த வாரம் வர மாட்டார்.